இன்னும் ஒரு கொதி

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்த மாடி வீட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கோழி நுழைந்தால், சனிக்கிழமை வரைக்கும் அது வெளியே போகாது. இத்தனைக்கும் அது உயிரோடு வந்த கோழி இல்லை. பாய் கடையில் கம்பியில் குத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வெந்து, தோல் சிவந்து, காகிதப் பொட்டலமாக வந்து சேர்கிற கிரில் கோழி. அதை வாங்கி வருகிற அண்ணனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். சொன்னால் சண்டைக்கு வருவார். வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார், போகும்போது மிச்சத்தையும் கட்டி எடுத்துக்கொள்வார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அண்ணனுக்கு ஹெப்பகோடியில் ஒரு இரும்புச் சாமான் கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ் வேலை. நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சென்டரில் இருந்தேன். மூன்றாவது ஆள் சேகர், மருந்துக் கம்பெனி ரெப். கோலார் தங்கவயல்காரன், அவன் பேசும் தமிழில் கால்வாசி கன்னடம் கலந்திருக்கும். அண்ணன் எங்களைவிட நன்றாகவே மூத்தவர். வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. எங்களுக்கு அடுப்பைப் பற்றவைப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது என்பதால் சாப்பாட்டைப் பற்றி வாய் திறக்க எங்களுக்கு உரிமை கிடையாது.

பொட்டலம் வந்ததும் சேகரும் நானும் தட்டோடு உட்கார்ந்துவிடுவோம். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கோழியை ஒரு தாம்பாளத்தில் மல்லாக்கக் கிடத்தி, கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். டாக்டர் நோயாளியைப் பார்க்கிற பார்வை. பிறகு பிய்க்க ஆரம்பிப்பார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைப்பது இறக்கை, முதுகுப் பக்கம் கொஞ்சம், அப்புறம் தோல். தொடைகள் ஒரு டப்பாவுக்குள் போகும். நெஞ்சுக்கறி இன்னொரு டப்பாவுக்குள். நாங்கள் கடித்துப் போடும் எலும்பைக்கூடத் தட்டில் விடமாட்டார், கொதிக்கிற தண்ணீரில் அலசி எடுத்து அதற்கென்று ஒரு டப்பாவில் சேர்ப்பார். சேகர் ஒருநாள் பொறுக்க முடியாமல், தலைவா என்பதை அவன் கன்னடத்தில் சொல்கிறபடி, "குரு, இது கோழியா, பிராவிடண்ட் ஃபண்டா?" என்று கேட்டான்.

அண்ணன் அசரவில்லை. "கோழி செத்தது ஒரு தடவைதான்டா. அதுக்காக நாமளும் ஒரே தடவையில முடிச்சிடணுமா?"

திங்கட்கிழமை தொடைக்கறி உதிர்க்கப்பட்டு முட்டைக்கோஸ் பொரியலில் கலக்கும். அதில் எது கோஸ், எது கோழி என்பது கடவுளுக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை நெஞ்சுக்கறி நார் நாராகப் பிரிந்து தக்காளி சாதத்துக்குள் இறங்கும். பல்லில் மாட்டினால்தான் அது உள்ளே இருக்கிறது என்றே தெரியவரும். மாட்டியவன் கையைத் தூக்கிக் காட்டுவான், மற்றவன் வாழ்த்துச் சொல்வான். இப்படித்தான் எங்கள் சாப்பாடு நடந்தது.

அதற்கப்புறம் எலும்பு. அண்ணனின் அசல் திறமை அங்கேதான் ஆரம்பம். மிளகு, சீரகம், தட்டிய இஞ்சி, உரிக்காத பூண்டு, ஒரு வெங்காயம், எல்லாவற்றையும் எலும்போடு பெரிய அலுமினியச் சட்டியில் போட்டு, சின்னத் தீயில் வைத்துவிட்டு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். குக்கரில் வைத்தால் சீக்கிரம் ஆகுமே என்று நான் சொன்னதற்கு, விசில் அடித்து வேலை வாங்கக் கோழி என்ன போலீஸ்காரனா என்று கேட்டார். வாசனை இருக்கிறதே, அதை மட்டும் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மாடிப்படி முழுக்க இறங்கித் தெருவுக்குப் போகும். கீழே குடியிருந்த ஓனர் ஆன்ட்டி சர்ச்சிலிருந்து வரும்போது படியில் நின்று மோந்து பார்த்துவிட்டு, இந்தப் பசங்க தினமும் கோழி தின்கிறார்கள் என்று முடிவு கட்டி, அந்த வருஷம் வாடகையை ஏற்றிவிட்டார். தினமும் இல்லை ஆன்ட்டி, எல்லாம் ஒரே கோழிதான் என்று சொல்லிப் பார்த்தோம். யார் நம்புவார்கள்?

இறக்கிய சாற்றை வடிகட்டி ஒரு எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, ஆன்ட்டி எங்களுக்கு விட்டுவைத்திருந்த பழைய ஃபிரிட்ஜில் வைப்பார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலில் தண்ணீர் என்றால் அந்தத் தூக்குத் தண்ணீர்தான். சாம்பாருக்கு அது, குருமாவுக்கு அது, ரசத்துக்கு அது. ஒருமுறை ரவா உப்புமாவுக்கும் அதுவே. பார்த்துச் செய்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அடுப்பில் எதைக் கொதிக்க வைத்தாலும் அவர் கை தானாக ஃபிரிட்ஜைத் திறந்து தூக்கை எடுக்கும். தூக்கு தீர்ந்ததும் அதே எலும்பு மறுபடியும் சட்டிக்குப் போகும். "அதுல இனிமே என்ன இருக்குது அண்ணா?" என்று கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "இன்னும் ஒரு கொதி இருக்குது."

தெருமுனையில் பழுப்பு நிற நாய் ஒன்று இருந்தது. எலும்பை அதற்குப் போட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ளலாமே என்று நான் வற்புறுத்தி, கடைசிக் கொதியும் முடிந்த ஒரு சனிக்கிழமை அண்ணன் அரைமனதாக எலும்பைக் கொண்டுபோய் வைத்தார். நாய் ஓடி வந்தது. மோந்தது. ஒரு எலும்பைப் புரட்டிப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, திரும்பி மெதுவாக நடந்துபோய் வெறும் மண்ணில் படுத்துக்கொண்டது. எங்கள் மேல் அது பரிதாபப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணனுக்கு மட்டும் அன்றைக்கு முகம் நிறையப் பெருமை. எலும்பில் எதையும் பாக்கி விடவில்லை என்று ஒரு நாயே ஒப்புக்கொண்டுவிட்டதே.

இந்த ஒரு கொதி விஷயம் கோழியோடு நின்றால் பரவாயில்லை. டீத்தூள் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கொதிக்கும். சாயங்கால டீ டீயின் ஞாபகம் மாதிரி இருக்கும். பற்பசை டியூபைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து உள்ளே வழிப்பார். ரேடியோவிலிருந்து கழற்றிய பேட்டரியை வெயிலில் காயவைத்துச் சுவர்க் கடிகாரத்தில் போடுவார், கடிகாரமும் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடும். சேகரை ஜெயநகர்ப் பெண் ஒருத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டபோது, அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டி, இன்னும் ஒரு கொதி இருக்கும்டா, போய்ப் பேசிப் பாரு என்றார். அவனும் நம்பிப் போனான். அந்தப் பெண்ணின் அண்ணன் பேசிய கன்னடத்தைச் சேகர் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மறுத்துவிட்டான்.

பாய் கடைக் கதையையும் சொல்லியாக வேண்டும். கோழியைக் கம்பியில் ஏற்றும் முன்பு பாய் கழுத்தையும் முதுகு நுனியையும் வெட்டி ஒரு வாளியில் போடுவார். அதை அண்ணன் பார்த்துவிட்டார். தனக்கு என்று கேட்கக் கூச்சம். அதனால், வீட்டில் பூனை இருக்கிறது, அதற்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். பூனை என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. இருந்திருந்தாலும் அந்த வீட்டில் எலும்பு கிடைக்காமல் வேறு வீடு பார்த்துப் போயிருக்கும். பாய் நல்ல மனிதர். பூனையை அவர் பில்லி என்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தனிப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, பில்லி நல்லா இருக்குதா, குட்டி போட்டுச்சா என்று விசாரிப்பார்.

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் பொய்யைக் கொண்டுபோய்ச் சரியாக முட்டுச்சந்தில் நிறுத்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் ஆசையாக, வீட்டுக்கு வந்து பில்லியைப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

"இப்ப வேணாம் பாய். அது ஊருக்குப் போயிருக்குது."

"பில்லியா?"

"ஆமா பாய். லீவு."

பாய் அவரையே பார்த்தார். பிறகு வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து பில்லியைப் பற்றி அவர் கேட்டதே இல்லை, கொடுப்பதையும் நிறுத்தவில்லை.

இதையெல்லாம் வைத்து, எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரும். கஞ்சன் என்றால் அடுத்தவனுக்குக் கொடுக்காதவன். அண்ணனிடம் யார் வந்தாலும் தட்டு வைப்பார். மேலே நாலு பேர் வந்தால் கோழிக்குள் இன்னும் கொஞ்சம் கோஸ் போகும், அவ்வளவுதான். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து வாய் கசந்து நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தேன். மிளகு தூக்கலாக ஒரு டம்ளர் சாறு கொடுத்தார். கூடவே ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி அடியிலிருந்து ஒரு முழுத் தொடையை எடுத்துச் சூடுபண்ணிக் கொண்டுவந்தார். யாருக்காவது முடியாமப் போனா வேணும்னு எடுத்து வச்சேன் என்றார். நான் படுத்தபடியே தின்றேன். அந்த மாதிரி ருசியான கோழியை அதற்கப்புறம் எந்த ஓட்டலிலும் நான் சாப்பிட்டதில்லை. ஜன்னல் வழியாகச் சேகர் பார்த்துக்கொண்டே நின்றான். மறுநாள் அவனுக்கும் காய்ச்சல் என்று படுத்தான். அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெறும் சாறு கொடுத்தார்.

அண்ணனுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. காரணம் இந்தப் புத்திதான். முன்பு ஓரிடத்தில் பெண் பார்க்கப் போனவர், பஜ்ஜி கொஞ்சம் மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இதை அப்புறம் என்ன பண்ணுவீங்க என்று பெண்ணின் அம்மாவையே கேட்டிருக்கிறார். மோர்க்குழம்பில் போடலாம் என்று வழியும் சொல்லியிருக்கிறார். பையன் கஞ்சன் என்று பதில் வந்தது. அதற்கு முன்பு ஒரு இடம், அதற்கு முன்பு இன்னொன்று, எல்லாவற்றிலும் அதே பதில். சொந்தத்தில் பேர் கெட்டுவிட்டது. தலையில் முன்பக்கம் முடியும் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் ஊத்தங்கரையில் இருந்த அவருடைய தாய்மாமன் திருப்பத்தூர்ப் பெண் ஒருத்தியின் போட்டோவை அனுப்பினார். நானும் சேகரும் முகத்தைப் பார்த்தோம். களையான முகம். அண்ணன் போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"டேய், ஜாக்கெட் கையைப் பாரு. பழைய சேலைக் கரையை வெட்டி வச்சுத் தச்சிருக்குது."

எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனால் மனுஷன் விழுந்துவிட்டார். போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த வாரம் சாயங்கால டீயைப் புதுத் தூளில் போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பெண் கிடைக்கவில்லை என்றால் இனிமேல் யாரையும் பார்க்கப் போவதில்லை என்று மாமனிடம் போனில் சொன்னதை ஓனர் ஆன்ட்டி கேட்டு எங்களிடம் சொன்னார். போன் அவர் வீட்டில்தான் இருந்தது.

ஜாதகம் பொருந்தியது. அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. பெண்ணின் அப்பா பெருமாள் பக்தர். மற்ற மாதங்களில் அந்த வீட்டிலும் கோழி வெந்ததுதான், ஆனால் புரட்டாசி மாதம் முழுக்க அவர் கவுச்சியின் நிழலைக்கூட மிதிக்கமாட்டார். கல்யாணப் பேச்சும் எடுக்கமாட்டார். எல்லாம் ஐப்பசியில் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கோ புரட்டாசிதான் பிடித்த மாதம். எங்கள் பக்கத்துத் தமிழர்களில் பாதிப்பேர் கறியை விட்டுவிடுவதால் பாய் கடையில் கூட்டம் குறைந்து, மிஞ்சியதெல்லாம் சேர்ந்து பில்லிப் பொட்டலம் பெரிதாகிவிடும்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை காலை, மாமன் போன் என்று ஆன்ட்டி கீழேயிருந்து கூப்பிட்டார். பெண்ணின் அப்பா கண் காட்ட பெங்களூருக்கு வந்திருக்கிறார், மத்தியானம் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போவாராம். சும்மா என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பேச்சு எடுக்கக்கூடாது, ஆனால் வீட்டைப் பார்க்கலாம், அடுப்படியைப் பார்க்கலாம், ஆளை எடை போடலாம்.

அண்ணன் பம்பரமாகச் சுழன்றார். சேகர் வீட்டைக் கழுவினான். நான் ஆன்ட்டியிடம் சாமி படம் இரவல் கேட்கப் போனேன், அவரிடம் மாதா படம்தான் இருந்தது, அதனால் மளிகைக் கடை காலண்டரிலிருந்து பெருமாளைக் கிழித்து ஒட்டினேன். எலும்பு டப்பா ஐஸ் பெட்டியின் ஆழத்துக்குப் போனது. அண்ணன் புதுப் பாத்திரங்களாக ஆன்ட்டியிடமே வாங்கி, பருப்பு, பீன்ஸ் பொரியல், ரசம், அப்பளம் என்று சுத்த சைவமாகச் சமைத்தார். வாசனை பார்க்கக்கூட எங்களை உள்ளே விடவில்லை.

பெரியவர் வந்தார். நெற்றியில் நாமம், கையில் மஞ்சள் பை, கண்ணில் மருந்து ஊற்றியதால் கொஞ்சம் கலங்கிய பார்வை. கலங்கினாலும் எதையும் தவறவிடாத பார்வை. பெருமாளைக் கும்பிட்டார், இலையில் உட்கார்ந்தார். பருப்பு சாதத்தை நெய்விட்டு ரசித்துச் சாப்பிட்டார். பொரியலை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். எங்களுக்கு உயிர் வந்தது. அண்ணன் ரசப் பாத்திரத்தோடு வந்து, குனிந்து கரண்டியைச் சாய்க்கப் போனார்.

பெரியவர் மூச்சை இழுத்தார். "வாசனை தூக்குதே தம்பி. பருப்புத் தண்ணி ரசமா?"

"ஆமாங்கய்யா, பருப்புத் தண்ணி..." என்று ஆரம்பித்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். கரண்டி இலைக்கு மேலே தொங்கியது. முகம் வெளிறுவதை நான் பார்த்தேன். பாத்திரத்தோடு பின்னால் நகர்ந்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மேடையில் ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்த பருப்புத் தண்ணீர் வடித்தபடியே இருந்தது. தொட்டியில் எவர்சில்வர் தூக்கு காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அவர் கை, அவரைக் கேட்காமலே, வழக்கம்போல ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறது.

ஊற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பெரியவர் குடித்துவிட்டுப் பிரமாதம் என்று சொல்லியிருப்பார், ஐப்பசியில் நிச்சயம் ஆகியிருக்கும். நானாக இருந்தால் ஊற்றியிருப்பேன், சத்தியமாக. அண்ணன் பாத்திரத்தைத் தூக்கி, எங்கள் கண்ணெதிரே, பெரியவர் கண்ணெதிரே, கடைசிச் சொட்டு வரை தொட்டியில் கொட்டினார். அந்த வீட்டில் அவர் எதையும் கொட்டி நான் பார்த்தது கிடையாது. சேகர் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்னா தம்பி?" என்றார் பெரியவர்.

"பல்லிங்கய்யா. பல்லி விழுந்திடுச்சு."

"எங்க பல்லி?"

அண்ணன் காலிப் பாத்திரத்துக்குள் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். "ஏறிப் போயிடுச்சுங்க."

கொதிக்கிற ரசத்தில் விழுந்து ஏறிப் போன பல்லியைப் பற்றிப் பெரியவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அண்ணன் பதற்றத்தில் சேகரை விரட்டி, பக்கத்து சைவ ஓட்டலிலிருந்து ரசம், தயிர், பாயசம், வடை என்று வீடு கொள்ளாத அளவுக்குப் பார்சல் வாங்கிவரச் செய்தார். பெரியவர் தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டு, பார்சல் கவர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மாமன் போன் பண்ணினார். அண்ணன் கேட்டுவிட்டு மேலே ஏறி வந்து படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"பையன் ஊதாரியாம். ஒரு சட்டி ரசத்தைக் கூசாமக் கொட்டுறானாம். நினைச்சா ஓட்டல்ல வாங்குறானாம். ஓட்டைக் கை, பொண்ணைக் கொடுத்தா நடுத்தெருதான்னு சொல்லிட்டாராம்."

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். சிரிக்கக்கூடாது என்று தெரியும். சேகர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சிரித்தான், சத்தம் வெளியே கேட்டது. கஞ்சன், கஞ்சன் என்று ஊரெல்லாம் தள்ளிய மனிதரை ஊதாரி என்று சொன்ன ஒரே ஆள் இந்தப் பூமியில் அந்தப் பெரியவர்தான். ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் கடைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. ஃபிரிட்ஜில் தூக்கு காலியாக இருந்தது. நாங்கள் ஓட்டலில் சாப்பிட்டோம், முழுசு முழுசாகக் கோழி தின்றோம், ஒன்றும் இறங்கவில்லை.

கடைசியில் சேகர்தான் அவர் முன்னால் போய் உட்கார்ந்தான். "அண்ணா, எனக்கு நீங்க சொன்னதை இப்ப நான் சொல்றேன். இன்னும் ஒரு கொதி இருக்குது. ஹோகி, போய்ப் பேசிட்டு வாங்க." தன் விஷயத்தில் அந்தக் கொதியில் என்ன கிடைத்தது என்பதை அவன் மறந்தேபோய்விட்டான், அல்லது மறந்த மாதிரி நடித்தான்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் திருப்பத்தூருக்கு பஸ் ஏறினோம். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றவர்களைப் பெரியவர் மரியாதைக்கு உட்காரச் சொன்னார். பெண்ணின் அம்மா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அண்ணன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றார்.

"ஐயா, அன்னைக்கு ரசத்துல விழுந்தது பல்லி இல்லீங்க. கோழி."

பெரியவர் நிமிர்ந்தார். "கோழி விழுந்துச்சா?"

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். பாய் கடை, டப்பாக்கள், எலும்பு, தூக்கு, பழக்கத்தில் போன கை, ஒன்றையும் விடவில்லை. உங்க விரதம் என்னால கெடக்கூடாதுன்னுதான் கொட்டினேன், மத்தபடி நான் எதையும் கொட்டுற ஆள் இல்லீங்க, வேணும்னா இவனைக் கேளுங்க என்று என்னைக் காட்டினார். நான் பலமாகத் தலையாட்டினேன். நாய் விஷயத்தைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன், அண்ணன் முறைத்தார்.

பெரியவர் நாமத்தைத் தொட்டுக்கொண்டார். கோபமா, நல்லவேளை தப்பித்தோம் என்ற நிம்மதியா, தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஒரே கோழி, வாரம் பூராவா?"

"ஆமாங்க," என்றார் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு. அவ்வளவுதான், பழைய பதில் வரப்போகிறது, கஞ்சன் என்று எழுந்து போகச் சொல்லப்போகிறார் என்று நான் செருப்பைத் தேடினேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தெளிவான குரல்.

"ரசத்தைக் கொட்டினது சரி. எலும்பையும் கொட்டிட்டீங்களா?"

அண்ணன் முகம் நிமிர்ந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். கதவைப் பார்த்து, ஏதோ கோவிலில் பதில் சொல்கிற மாதிரி பயபக்தியோடு சொன்னார்.

"இல்லீங்க. ஐஸ் பெட்டியில பத்திரமா இருக்குது. இன்னும் ஒரு கொதி இருக்குது."

உள்ளே பாத்திரம் நகரும் ஓசை. கதவு திறந்து அந்தப் பெண் கையில் டீப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். போட்டோவில் பார்த்த அதே ஜாக்கெட். அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராக அண்ணனிடம் வந்து, அவர் கையிலிருந்த காலி டம்ளரில் டீயை ஊற்றினாள். வெளுத்துப்போய், அடி தெரிகிற டீ.

அண்ணன் அதைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு ரொம்ப மெதுவாக, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டார்.

"அதே தூளா?"

"அதே தூள்தான்," என்றாள் அவள்.

பெரியவர் எழுந்து, காலண்டரில் நாள் பார்க்கப் போனார்.